அம்மாவிடம் கேட்க வேண்டியவை

(பெங்களூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடைக்கு இடப்பக்கம் ஒரு குழல்விளக்கு எரியாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பழுதாகவில்லை. நான்தான் அணைக்கச் சொன்னேன். அதன் சோக் இரைகிறது. உங்களில் பலருக்கு அந்த இரைச்சல் காதில் விழுந்தே இருக்காது. விழுந்திருந்தாலும் இரண்டு நிமிடத்தில் காது அதை ஒதுக்கிவிட்டிருக்கும். என் காது ஒதுக்காது. அதன் கீழே ஒரு மணி நேரம் நின்றால் என் பேச்சில் பாதி அந்த விளக்கோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும்.

நாற்பத்தொன்பது வயதுவரை நான் எங்கும் ஒரு விளக்கை அணைக்கச் சொன்னதில்லை. அப்படிக் கேட்கலாம் என்றே தெரியாது. எல்லாருக்கும் இப்படித்தான் கேட்கிறது, எல்லாரும் பொறுத்துக்கொள்கிறார்கள், எனக்குத்தான் பொறுமை போதவில்லை என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எப்படி ஆட்டம் கண்டது, அதன்பின் நான் யாரிடம் என்ன கேட்டேன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். நான் மருத்துவர் இல்லை. கணக்குத் தணிக்கை என் தொழில். ஆனால் ஐந்து ஆண்டுகளாக இந்த ஒரு விஷயத்தைப் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாங்கள் வீட்டிலிருந்து வேலை செய்தோம். ஊரெல்லாம் அச்சத்தில் இருந்த அந்த மாதங்களில், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, என் உடம்பு தேறியது. இருபது வருடமாகச் சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் தலைவலி நின்றது. ராத்திரி தூக்கம் வந்தது. ஊரடங்குக்குப் பிறகு அலுவலகம் திரும்பினேன். மூன்றாவது வாரம் படுத்துவிட்டேன். ரத்தம், தைராய்டு, இதயம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வேலையும் எனக்குப் பிடித்த வேலைதான். அப்படியானால் அந்த அலுவலகத்தில் வேலையைத் தவிர வேறு எதைச் செய்து நான் இப்படிக் களைத்துப்போகிறேன்?

அந்த நாட்களில்தான் சென்னையில் என் தங்கை மகனுக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்றார்கள். நாலு வயது. மருத்துவர் கொடுத்த கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருந்த தங்கை ராத்திரி பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, ஒவ்வொண்ணா படிக்கிறேன், சரியா டிக் பண்றேனான்னு கேளு" என்றாள். சத்தத்துக்குக் காதைப் பொத்துவது, குறிப்பிட்ட துணி மேலே பட்டால் தாங்காமல் போவது, சாமான்களை வரிசையாக அடுக்குவது, வழக்கம் மாறினால் நிலைகொள்ளாமல் தவிப்பது. ஏழெட்டுக் கேள்வி படித்தவள் நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இதுல பாதி அவனைப் பத்தி இல்லக்கா, உன்னைப் பத்தி" என்றாள்.

ஆட்டிசம் என்ற சொல்லுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஓய்கன் ப்ளாய்லர் 1911இல் தம் நூலில் அதை மனச்சிதைவு நோயாளிகளின் உள்ளொடுங்கலைச் சொல்லப் பயன்படுத்தினார். இன்று நாம் சொல்லும் பொருளில் அதை நிலைநாட்டியவர் அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த லியோ கானர். 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை பிறந்தது. அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசும், ஆனால் பிறரோடு ஒட்டாத சில சிறுவர்களைப் பற்றி எழுதினார். அது ஜெர்மன் மொழியோடு நின்றுபோனது. 1981இல் லண்டனின் லோர்னா விங் அதை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய். இதை ஒரே பெட்டியில் அடைக்கக் கூடாது, இது ஒரு நிறமாலை என்ற எண்ணத்தைப் பரப்பியவரும் அவரே. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்-5 எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாக்கியது. புலன்களின் மிகைக் கூர்மையையும் மந்தத்தையும் முதன்முறையாக அடையாளங்களில் சேர்த்தது. எனக்கு மிக முக்கியமான ஒரு விளக்கமும் அதில் இருக்கிறது. அடையாளங்கள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் சமூகத்தின் எதிர்பார்ப்பு ஒருவரின் சக்தியைத் தாண்டும்வரை அவை முழுதாக வெளியே தெரியாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம்.

நிறமாலை என்ற தமிழ்ச்சொல் எனக்குப் பிடிக்கும். அதைப் பலர் ஒரு கோடாக, இந்த முனையில் கொஞ்சம், அந்த முனையில் அதிகம் என்று புரிந்துகொள்கிறார்கள். மாலையில் அப்படி ஏற்ற இறக்கம் கிடையாது. எந்தப் பூ எத்தனை என்று மாலைக்கு மாலை மாறும், அவ்வளவுதான். என் தங்கை மகனுக்கு இன்னும் சரளமாகப் பேச்சு வரவில்லை, ஆனால் கூட்டத்தில் நிம்மதியாகத் தூங்குகிறான். நான் ஒரு மணி நேரம் மேடையில் பேசுவேன், ஆனால் கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் பாத்திரச் சத்தமும் பேச்சும் ஒன்றாக எழும்பினால் எனக்கு எழுத்துகூடப் படிக்க வராது.

ஆட்டிசத்துக்குத் தமிழில் வைத்த மதியிறுக்கம் என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதை ஆக்கியவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அது வெளியே நின்று பார்ப்பவர் வைத்த பெயர். உள்ளே எதுவும் இறுகியிருக்கவில்லை. கதவு எல்லாம் திறந்து கிடப்பதுதான் உள்ளே இருப்பவரின் துன்பம்.

இந்தப் பெயர்கள் வருவதற்கு முன்பே எங்கள் தெருவில் எனக்குப் பெயர்கள் இருந்தன. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அழுத்தக்காரி. அமுக்குணி. ஊமைக்கோட்டான். மூஞ்சி கொடுத்துப் பேசமாட்டா. வீம்பு பிடிச்சது. கொஞ்சம் பாசமாகச் சொன்னவர்கள் "அது ஒரு மாதிரி" என்றார்கள். இந்தச் சொற்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் நான் வேண்டுமென்றே செய்வதாகச் சொல்கிறது. அமுக்குணி என்றால் எல்லாம் தெரிந்தும் மறைப்பவள். வீம்பு என்றால் முடிந்தும் செய்யாதவள். முடியாமை என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதற்கு எங்கள் தெருவில் சொல் இல்லை. நாற்பது வருடம் நானும் இந்தச் சொற்களால்தான் என்னை அறிந்திருந்தேன். நடுவயதில் ஒருவர் "எனக்கு ஆட்டிசம் இருக்குமோ" என்று யோசிக்கத் தொடங்கினால், புதுமோகம் என்றும் கைபேசி பார்த்துக் கெட்டார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். தம்மேல் எழுதப்பட்ட பழைய தீர்ப்புகளை மறுவிசாரணைக்கு எடுத்திருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் ஆண்களுக்கு நான்கு மடங்கு அதிகம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது மூன்று மடங்கை ஒட்டியே இருப்பதும், பெண்கள் கண்ணில் படாமல் போவதும் தெரிந்தது. எப்படிக் கண்ணில் படுவார்கள்? வாசலில் யார் வந்தாலும் எழுந்து "வாங்க" என்று சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும், அவர்கள் கிளம்பும்போது வாசல்வரை வர வேண்டும் என்று ஐந்து வயதிலிருந்து பழக்குகிறோம். நான் இதைப் பாடமாகவே கற்றேன். "வாங்க" சொல்லி மூன்று எண்ணுவேன், பிறகு சிரிப்பேன். தொலைபேசியில் பேசுவதற்கு முன் இன்றும் என் பங்கை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். இப்படி வேடமிடுவதை அளக்கவே 2019இல் இங்கிலாந்தில் 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வந்திருக்கிறது. அதைப் படித்தபோது, அலுவலகத்தில் வேலைக்கு மேலே நான் செய்துகொண்டிருந்த இன்னொரு முழுநேர வேலை எது என்பது எனக்கு விளங்கியது.

இங்கே பெங்களூரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1995இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். வந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு இனம்தெரியாத ஓர் ஆறுதல் கிடைத்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. ஊரில் நான் பதில் சொல்லத் தயங்கினால் அது வீம்பு. இங்கே தயங்கினால், "பாவம், தமிழ்க்காரி, கன்னடம் தெரியாது." பக்கத்து வீட்டம்மா "ஊட்ட ஆய்த்தா?" என்பார். ஊரில் "சாப்பிட்டாச்சா?" என்ற கேள்வி வரும்போதெல்லாம் உண்மையில் என்ன சாப்பிட்டேன் என்று யோசித்து நிற்பேன். இங்கே அதற்கு "ஆய்த்து" என்ற ஒரே சொல் போதும் என்று மொழிப்பாடமாகவே கற்றுக்கொடுத்தார்கள். சடங்கைச் சடங்கு என்று சொல்லிக் கற்றுக்கொடுத்த முதல் ஊர் இது. என் விறைப்பு, பார்வையைத் திருப்பிக்கொள்வது, பேச்சில் தாமதம் எல்லாம் வேற்றூர்க்காரியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டன.

டேமியன் மில்டன் என்று ஒரு பிரிட்டிஷ் சமூகவியலாளர், தாமும் ஆட்டிசம் உடையவர், 2012இல் எழுதினார்: ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர் மனம் புரியவில்லை என்கிறீர்கள், அவருடைய மனம் உங்களுக்குப் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் உள்ளது என்பது அவர் வாதம். குடியேறிகளின் ஊரில் வாழும் நமக்கு இது விளங்கக் கடினமில்லை. தமிழரும் கன்னடரும் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டால் அதில் ஒருவருக்கு நோய் என்று யாரும் சொல்வதில்லை.

சரி, சந்தேகம் வந்தது. அடுத்து என்ன? எல்லாரும் முதலில் போய் நிற்கும் இடம் கேள்வித்தாள்கள். 2001இல் கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹன் குழு வெளியிட்டது 50 கேள்விகள் கொண்டது. அதில் 32 அல்லது அதற்கு மேல் எடுத்தால் கவனிக்க வேண்டும் என்பார்கள். நான் 37 எடுத்தேன். எடுத்த அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆனால் அந்த எண்ணை நான் பெரிதாக நம்பச் சொல்ல மாட்டேன். விருந்துக்குப் போவீர்களா நூலகத்துக்குப் போவீர்களா, நாடகமா அருங்காட்சியகமா என்ற மாதிரிக் கேள்விகள் அதில் உண்டு. நான் வளர்ந்த ஊரில் ஒரு பெண்பிள்ளைக்கு இந்த நாலில் ஒன்றும் வாய்த்ததில்லை. மேலும் நெடுங்காலப் பதற்றம், சிறுவயதில் பட்ட அடி, கவனக்குறைபாடு, எண்ணச் சுழற்சி நோய் என்று பலவும் இதே மதிப்பெண்ணுக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தும். சந்தேகம் வந்தவர்கள் எல்லாருக்கும் ஆட்டிசம் இருப்பதில்லை. கேள்வித்தாள் ஒரு கதவைக் காட்டும். உள்ளே போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

அப்படி யாரும் பார்க்காமல் விட்ட பெரியவர்கள் எத்தனை பேர்? 2007இல் இங்கிலாந்தில் பொதுமக்களிடையே வீடுவீடாக எடுத்த மனநலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யார் கண்ணிலும் படாதவர்கள். நம் நாட்டில் 2018இல் வெளிவந்த பெரிய ஆய்வு, காங்கடா முதல் ஐதராபாத்வரை ஐந்து இடங்களில் நடந்தது, 2 வயது முதல் 9 வயது வரையிலான குழந்தைகளைப் பற்றியது. தமிழ் எழுத்தையும் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’, அவருடைய நாவல் ‘துலக்கம்’, 2013இல் வந்த ‘ஹரிதாஸ்’ படம் எல்லாம் நமக்குப் பெரிய கொடை. இந்தச் சொல்லைத் தமிழ் வீடுகளுக்குள் அழைத்து வந்தவை அவைதான். ஆனாலும் நம் கற்பனையில் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வயது ஏறுவதே இல்லை. அது வளர்ந்து வேலைக்குப் போய், வாடகை கட்டி, நரைத்து, உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்து நிற்கும் என்று நாம் நினைத்துப்பார்ப்பதில்லை.

முதலில் நான் போன மருத்துவர் ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டார். "கல்யாணம் ஆயிருக்கு, வேலை பார்க்கிறீங்க, என் கண்ணைப் பார்த்துப் பேசறீங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்ல." நான் அவருடைய இரண்டு புருவங்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வயதில் கற்ற உத்தி அது. அவருக்கு அது தெரிய வழியில்லை. நானும் சொல்லவில்லை. எழுந்து நன்றி சொல்லி, வாசல்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

இவ்வளவுக்கும் இது எந்த ஊர்? 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கிய ஊர். அதுவும் பழைய மனநல மருத்துவமனையும் 1974இல் ஒன்றாகி நிம்ஹான்ஸ் ஆன ஊர். ஓசூர் சாலையில் அதன் வாசலில் நின்றால் தருமபுரி, கிருஷ்ணகிரித் தமிழ் கேட்கும். விடியற்காலை பஸ் ஏறி வந்தவர்கள் கையில் கோப்போடு நிற்பார்கள். பிரதிபா காரந்த் என்ற பேச்சு–மொழி வல்லுநர் 2000இல் குழந்தைகளுக்கான காம் டீல் திட்டத்தைத் தொடங்கியதும் இங்கேதான். குழந்தைகளுக்காக இந்த நகரம் செய்திருப்பது கொஞ்சமில்லை. பெரியவர்கள் வந்து கேட்டால் என்ன செய்வது என்பதில்தான் கை நடுங்குகிறது.

அரசின் அளவுகோலும் அப்படியே. ஆட்டிசத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவர்கள் பெற்றோர்கள். டெல்லியில் மெரி பருவா போன்ற தாய்மார்கள் 1990களில் தொடங்கிய போராட்டம் இல்லையென்றால் 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அந்தச் சொல் ஏறியிருக்காது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகைகளில் ஒன்றாக ஏற்றது. சான்றிதழுக்கு இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் என்ற படிவம். 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. ஒரு செயலை எத்தனை தடவை செய்கிறார், எவ்வளவு தூரம் பிறர் உதவியை நம்பியிருக்கிறார் என்பதை அது பார்க்கிறது. உதவி தேவைப்படும் குழந்தைக்கு அது நியாயமான தராசு. ஆனால் உதவி கேட்காமல் சமாளிப்பதற்கு ஒருவர் உள்ளே என்ன விலை கொடுக்கிறார் என்பதை அது கேட்பதில்லை. நான் சான்றிதழ் கேட்டுப் போகவில்லை. என் தங்கை மகனுக்குச் சேர வேண்டிய இடத்தில் எனக்குப் பங்கு வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரு சரியான பதில்.

இரண்டாவதாகப் போன மருத்துவ உளவியலாளர் மூன்று மாலை எனக்கு ஒதுக்கினார். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். கடைசியில், "உங்க அம்மா இருக்காங்களா?" என்றார். இருக்கிறார், எழுபத்தைந்து வயது, ஊரில் இருக்கிறார் என்றேன். "அவங்ககிட்ட நான் பேசணும். நாலு வயசுல நீங்க எப்படி இருந்தீங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

இது எனக்கு உறைத்தது. ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. இருப்பது நினைவு, அதுவும் வேறொருவரின் நினைவு. ஐம்பது வயதில் இந்தக் கேள்வியைக் கேட்பவரின் சாட்சிகள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். பலருக்கு அந்தச் சாட்சிகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஊருக்குப் போனேன். அம்மா கொல்லைத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

உலகத்தின் எத்தனையோ தாய்மார்கள் கேட்ட கேள்வி இது. 1950, 60களில் புரூனோ பெட்டல்ஹைம் முதலானவர்கள், தாயின் அன்பு உறைந்துபோனதால்தான் ஆட்டிசம் வருகிறது என்று எழுதினார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தாமே ஒரு தகப்பன், அதை ஆதாரத்தோடு மறுத்தார். பிறகு இரட்டைக் குழந்தைகளின் ஆய்வுகள் வந்தன. 2019இல் ஐந்து நாடுகளின் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு, மக்களிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபுவழியானது என்று காட்டியது. இதையெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "நீ ஒண்ணும் பண்ணலம்மா. மூக்கு எப்படி வந்துச்சோ அப்படி வந்தது" என்றேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "அப்ப உங்க அப்பா வழி" என்றாள்.

அப்பா ரயில்வே கால அட்டவணையை வரி விடாமல் வாசிப்பவர். விழுப்புரம் சந்திப்பில் எந்த வண்டிக்கு எத்தனை நிமிடம் காத்திருப்பு என்று கேட்டால் முகம் மலரும். விசேஷ வீடுகளில் பந்தி முடியும்வரை மாட்டுக்கொட்டகைப் பக்கம் நிற்பார். இதைக் கேட்டதும் சிலர் தலையசைக்கிறீர்கள். நான் அசைக்க மாட்டேன். அயர்லாந்து மனநல மருத்துவர் ஒருவர் 2004இல் எழுதிய நூலில் நம் சீனிவாச ராமானுஜனுக்கும் ஆட்டிச வகைப்பட்ட நிலை இருந்திருக்கலாம் என்று வாதிட்டிருக்கிறார். ராமானுஜன் மூன்று வயதுவரை பேசவில்லை என்று ராபர்ட் கனிகல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. எங்கள் கும்பகோணத்துப் பிள்ளை என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் இறந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்க முடியாது. உள்ளே என்ன நடந்தது என்று கேட்காமல் பெயர் வைப்பது, என் தெரு எனக்குச் செய்ததையே இன்னொருவருக்குச் செய்வதாகும். அப்பா அப்பாவாகவே இருக்கட்டும்.

அன்று அம்மா முதலில் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாப் பிள்ளையும் அப்படித்தான். நீ சமத்து. வச்ச எடத்துல இருப்பே. அழமாட்டே." பிறகு கீரைக்கட்டு முடிய முடிய ஒவ்வொன்றாக வந்தது. புளி அடிக்கிற நாளில் கொட்டையைப் பெரிதிலிருந்து சிறிதாகத் தாழ்வாரம் முழுக்க அடுக்குவேனாம். யாராவது ஒன்றை மிதித்துத் தள்ளினால் முதலிலிருந்து அடுக்குவேனாம். ஜரிகைப் பாவாடை போட்டால் இடுப்பு ரத்தம் கட்டச் சொறிந்துகொள்வேனாம். தேர் வெடிச் சத்தத்துக்கு நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள, சாயங்காலம்வரை தேடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வருடம் வாய் திறக்கவில்லை. இரண்டாம் வருடம் முதல் வருடப் பாடம் முழுவதையும் ஒப்பித்திருக்கிறேன். நான் எழுதிக்கொண்டேன். ஐந்து பக்கம் வந்தது.

லியோ கானரின் 11 குழந்தைகளில் முதலாமவர் டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர். 1938இல் அவரை கானரிடம் கொண்டுபோகுமுன் அவருடைய தகப்பனார் தம் பிள்ளையைப் பற்றித் தட்டச்சில் 33 பக்கக் கடிதம் ஒன்று அனுப்பினார். ஆட்டிசத்தைப் பற்றிய மருத்துவம் முழுவதற்கும் அடித்தளம் அந்தக் கடிதம், ஒரு தகப்பன் கண்டதும் நினைவில் வைத்ததும்.

டொனால்டின் பின்கதைதான் எனக்கு இன்னும் பெரியது. சில ஆண்டுகள் அவரை ஊருக்கு வெளியே ஒரு குடியானவத் தம்பதியிடம் விட்டிருந்தார்கள். கானர் அங்கே போய்ப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். பையன் எதையாவது அளந்துகொண்டே இருப்பான். அவர்கள் அவனைக் கிணறு தோண்டச் சொல்லி, ஆழத்தை அளந்து சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். செத்த பறவைகளைச் சேர்ப்பான். அவற்றைப் புதைக்க ஓர் இடம் ஒதுக்கித் தந்தார்கள். சோளக்கொல்லையின் வரிசைகளை ஓயாமல் எண்ணுவான். உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். அந்தத் தம்பதி மருத்துவம் படித்தவர்கள் இல்லை. ஆட்டிசம் என்ற சொல்லும் அவர்கள் கொல்லைக்கு வந்திருக்காது. டொனால்ட் பின்னாளில் தம் ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகள் சுற்றினார். 2023இல் 89 வயதில் இறந்தார். ஊர் அவரைக் கடைசிவரை தன் பிள்ளையாகவே வைத்திருந்தது.

இந்த நகரத்தில் 2013இல் எஸ்ஏபி லேப்ஸ் நிறுவனம் ஆட்டிசம் உள்ள ஆறு பேரை மென்பொருள் சோதனைக்கு எடுத்துக்கொண்டது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். டென்மார்க்கின் ஸ்பெஷலிஸ்டர்னா அமைப்போடு சேர்ந்து செய்தார்கள். நல்ல காரியம், தொடர வேண்டும். ஆனால் பிழை கண்டுபிடிக்கும் திறமை இருப்பதால்தான் இவர்களுக்கு இடம் என்ற பேச்சு பரவும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. என் தங்கை மகனுக்குப் பிழை கண்டுபிடிக்க வராமல் போகலாம். சோளக்கொல்லைக்காரர்கள் பையனிடம் லாபம் எதிர்பார்த்து எண்ணச் சொல்லவில்லை. அவன் எண்ணுவான் என்பதைக் கவனித்தார்கள், அதற்கு இடம் விட்டார்கள்.

என் மதிப்பீடு இன்னும் முடியவில்லை. அம்மாவிடம் உளவியலாளர் ஒரு தடவை தொலைபேசியில் பேசியிருக்கிறார், இன்னொரு தடவை பேச வேண்டும். ஆம் என்று வருமா, இல்லை என்று வருமா என்பது தெரியாமலேயே இந்த மேடையில் நிற்கிறேன். அமைப்பாளர்கள் பதில் வந்தபின் பேசலாமே என்றார்கள். இப்போதே பேச வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உங்களில் சிலர் வீட்டுக்குப் போய் இன்றே ஒரு தொலைபேசி பேச வேண்டியிருக்கலாம். கேட்கும்போது குற்றம் சாட்டாமல் கேளுங்கள். நீ என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள், நான் எப்படி இருந்தேன் என்று கேளுங்கள்.

எனக்கு அந்த ஐந்து பக்கத்தோடு முடியவில்லை. அம்மா அடிக்கடி கூப்பிடுகிறாள். "இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு, எழுதிக்கோ" என்பாள். போன வாரம் வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குக் கூப்பிட்டாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது தட்டித் தூங்கவைத்தால் வளையல் சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழுவேனாம். அதனால் ராத்திரியில் கண்ணாடி வளையலையெல்லாம் கழற்றி அரிசிப் பானை மூடிமேல் வைத்துவிட்டுத்தான் என்னைத் தொடுவாளாம். சுமங்கலி வெறுங்கையோடு படுப்பதா என்று பாட்டி பேசாத பேச்சில்லையாம்.

"எத்தனை நாள்மா?" என்று கேட்டேன்.

"நாளா? உனக்கு மூணு வயசு ஆற வரைக்கும்" என்றாள். "எழுதிக்கிட்டியா?"